கார்ன்வாலின் கணக்குத் தாள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கடலுக்குள் ஒற்றைக் காலை நீட்டியதுபோல் கிடக்கும் கார்ன்வால் பிரதேசத்துக்குப் பூமாதேவி செம்பையும் வெள்ளீயத்தையும் வாரி வழங்கியிருந்தாள்; ஆனால் நிலக்கரியை மட்டும் ஒரு கூடைகூட வைக்கவில்லை. சுரங்கம் ஆழமாக ஆக ஊற்றுநீர் பெருகும். அந்நீரை அல்லும் பகலும் இறைத்துக்கொண்டிருக்க நீராவி இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு வேண்டிய கரியோ தென் வேல்ஸிலிருந்து கப்பலேறி வரவேண்டும். ஆகவே கரிச்செலவுதான் அங்கே ஒரு சுரங்கத்தின் ஆயுளையே நிர்ணயித்தது.

இந்த நெருக்கடியைத் தம் வியாபாரத்துக்கு அஸ்திவாரமாக்கிக்கொண்டவர்கள் ஜேம்ஸ் வாட்டும் அவருடைய கூட்டாளி மாத்யூ போல்ட்டனும். 1769இல் வாட் பெற்ற காப்புரிமையைப் பார்லிமென்ட் 1800வரை நீட்டிக் கொடுத்திருந்தது. பழைய இயந்திரத்தைக் காட்டிலும் தம்முடையது எவ்வளவு கரியை மிச்சப்படுத்துகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவர்கள் சுரங்க முதலாளிகளிடம் வசூலித்தார்கள். மிச்சத்தில்தானே பங்கு கேட்கிறார்கள், இதில் அநியாயம் என்ன என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் ஜோனதன் ஹார்ன்ப்ளோவர் போன்ற உள்ளூர் வல்லுநர்கள் இயந்திரத்தைத் தம் யுக்தியால் திருத்த முற்பட்டபோதெல்லாம் அந்தக் காப்புரிமை குறுக்கே வந்து நின்றது. விவகாரம் நீதிமன்றப் படியேறி 1799இல் வாட்டுக்குச் சாதகமாக முடிந்தபோது, கார்ன்வாலுக்கு மிஞ்சியது கசப்பு ஒன்றுதான்.

காப்புரிமை காலாவதியானதும் போல்ட்டன்-வாட்டின் ஆட்கள் ஊரைவிட்டுப் போனார்கள். விடுதலை கிடைத்தவுடனே அபிவிருத்தி பெருகியதா என்றால் அதுதான் இல்லை; மேற்பார்ப்பவர் அற்றுப்போன இயந்திரங்கள் வரவரச் சீர்கெட்டு, முன்னிலும் அதிகமாகக் கரியை விழுங்கின. ஒரு சுரங்கத்தில் என்ன நடக்கிறதென்று அடுத்த சுரங்கத்துக்குத் தெரியாமலே பத்து வருஷங்கள் கழிந்தன.

சுரங்க மேற்பார்வையாளரைக் காப்டன் என்றழைப்பது அவ்வூர் வழக்கம். ஜோயல் லீன் என்ற அத்தகைய காப்டன் ஒருவர் 1811 ஆகஸ்டு முதல் மாதந்தோறும் ஒரு கணக்குத் தாளை வெளியிடலானார். பஞ்சாங்கத்தைப்போல் எண்களே நிறைந்த தாள் அது. சுரங்கத்தின் பெயர், உருளையின் விட்டம், நீர் இறைக்கப்பட்ட ஆழம், எரிந்த கரி, இயந்திரத்தின் பொறுப்பிலிருந்த வல்லுநரின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில், ஒரு புஷல் கரியை, அதாவது 94 பவுண்டு கரியை எரித்து எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயர்த்த முடிந்தது என்ற எண் வரும். அந்த எண்ணுக்கு ‘ட்யூட்டி’ என்று பெயர். இயந்திரம் எத்தனை முறை அசைந்ததென்று எண்ணும் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தபடியால் கணக்கில் கைவைப்பது எளிதன்று. லீன் மறு வருஷமே காலமானார். புதல்வர்கள் அப்பணியை விடாமல் தொடர்ந்தார்கள்.

தொழில் இரகசியத்தை இப்படி ஊரறியப் பிரசுரிக்க முதலாளிகள் எப்படிச் சம்மதித்தார்கள்? தர்ம சிந்தனையால் என்று நான் நினைக்கவில்லை. கார்ன்வாலில் ஒருவரே பல சுரங்கங்களில் பங்கு வைத்திருப்பது சர்வசாதாரணம். ஒன்றில் கற்ற பாடம் மற்றொன்றிலும் அவருக்கே லாபமாகத் திரும்பிவரும். செம்பின் விலையையோ வெளிச்சந்தை நிர்ணயித்தது. பக்கத்துச் சுரங்கத்துக்காரன் கரியை மிச்சம் பிடித்தால் இவனுக்கு நஷ்டமில்லை. வல்லுநர்களுக்கோ அந்தத் தாள்தான் நற்சாட்சிப் பத்திரம். எண் உயர்ந்தால் நாலு சுரங்கங்களிலிருந்து ஆள் வரும். சுயநலத்தின் வாய்க்கால்கள் பலவும் ஒரே வயலில் பாய்ந்த அபூர்வ சந்தர்ப்பம் அது.

1812இல் ரிச்சர்டு ட்ரெவிதிக், வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் உயர் அழுத்த நீராவியால் ஓடும் ஒற்றை உருளை இயந்திரத்தை நிறுவினார். அதற்குக் காப்புரிமை கோரவில்லை. ஆர்தர் வுல்ஃப் தமது இரட்டை உருளை இயந்திரத்துக்கு 1804இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். இரண்டும் ஒரே தாளில் போட்டியிட்டதில், எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ட்ரெவிதிக்கின் வழியே கார்ன்வாலெங்கும் பரவியது. பின்னாளில் வுல்ஃபும் ஒற்றை உருளைகளையே கட்டினார். 1825இல் சாமுவேல் க்ரோஸ் என்பவர் வீல் ஹோப் சுரங்கத்தில், சூடு வீணாகாதபடி நீராவி செல்லும் பாகங்களுக்கெல்லாம் கம்பளி போர்த்தினாற்போல் உறையிட்டார். இத்தகைய சின்னச் சின்ன யுக்திகள் சேர்ந்துதான், 1811இல் சராசரி 1 கோடியே 70 லட்சமாக இருந்த அந்த எண்ணை 1840களில் 6 கோடிக்கு உயர்த்தின. ராபர்ட் ஆலன் என்ற பொருளாதார அறிஞர், இரும்பு உலைகளை முன்னிட்டு 1983இல் எழுதிய கட்டுரையில், இவ்வகை முன்னேற்றத்துக்குக் கூட்டுக் கண்டுபிடிப்பு என்று பெயரிட்டார்.

இந்த எண்களை வெளியூர்க்காரர்கள் நம்பத் தயங்கியபோது அவற்றுக்காக வாதாடியவர்களில் ஒருவர், கன்சாலிடேட்டட் சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர். அவர் பெயரைத் தாங்கிய கம்பெனிதான் 1880இல் கோலாருக்கு வந்தது. நம் வடாற்காட்டுக் கிராமங்களிலிருந்து தங்கவயலுக்குப் போய்ப் பாறை உடைத்த குடும்பங்கள் நன்கறிந்த கம்பெனி அது. லண்டன் குடிநீர்க் கம்பெனி ஒன்றின் இஞ்சினியரான தாமஸ் விக்ஸ்டீட், கார்ன்வால் இயந்திரமொன்றை வாங்கி நிறுவித் தாமே சோதித்துப் பார்த்து எழுதிய பிறகு சந்தேகங்கள் பெரிதும் அடங்கின.

ஆனால் தாளில் எண்ணைக் கூட்டிக் காட்டும் ஆசை, அதற்காக நீராவியைத் தாங்க முடியாத அளவுக்கு விரியவிட்டு இரும்புப் பாகங்களை முறித்துக்கொள்ளும் அவசரம் ஆகியவையும் உடன் வந்தன. 1904வரை பிரசுரமானபோதிலும், பிற்காலத் தாள்களில் பழைய வேகம் இல்லை. செம்புத் தொழிலே அதற்குள் நொடித்துவிட்டது.

ட்ரெவிதிக் தென் அமெரிக்காவில் பொருளெல்லாம் இழந்து 1827இல் திரும்பிவந்தார். தம் இயந்திரத்தால் சுரங்கங்கள் அடைந்த லாபத்தைச் சுட்டி மறு வருஷம் பார்லிமென்டுக்கு மனுப் போட்டார், அது பலிக்கவில்லை. 1833இல் டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் அவர் வறுமையில் இறந்தபோது அடக்கச் செலவை உடன் வேலை செய்தவர்களே ஏற்றார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்தில் உயர் அழுத்த நீராவியால் ஓடிய இயந்திரமொன்று சோதனையில் 12 கோடியே 50 லட்சத்தைத் தொட்டது. அதைக் கட்டியவர் வில்லியம் வெஸ்ட். பெருமையும் அவருக்கே போயிற்று.