விடிலிப் புகையில் ஒரு வரலாறு

திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கும் குலசேகரன்பட்டினம் தசராவிற்கும் திரளும் அடியார் கூட்டம், உடன்குடியைக் கருப்பட்டி வாங்கும் ஊராகவே அறிந்து செல்கிறது. கடைத்தெருவிற்கு அப்பால், செம்மணல் தேரியை அடுத்த பனைவிளைகளில்தான் அவ்வூரின் உழைப்பு வரலாறு உறைகின்றது.

பருவகாலத்தில் பனையேறிகள் நாளும் இருவேளை மரமேறிப் பாளை சீவுவர். பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தினுள் சுண்ணாம்பு தடவுவர். இறக்கிய பதநீரை 'விடிலி' எனும் ஓலைக்குடிலில் பெண்டிர் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டைகளில் வார்ப்பர். ஆடவர்க்கு உயரம் இடர். பெண்டிர்க்கோ அடுப்புப் புகை.

இம்மக்களைக் குறித்துக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ஆங்கில நூல் தங்களை இழிவுபடுத்துவதாகப் பிற்காலத்தில் அவர்களே எதிர்த்தெழுந்தனர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குலசேகரன்பட்டினத்தில் பதநீரைச் சர்க்கரையாக்கும் ஆலை இயங்கியது. அதனையொட்டிய சிற்றிருப்புப்பாதை உடன்குடி வழியே திசையன்விளை வரை சென்றது. ஆலையும் பாதையும் மறைந்தன, விடிலி எஞ்சியது.

2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. ஊர்ப்பெயருக்குக் காப்புக் கிடைத்தது. உழைத்த கைகளுக்கோ ஏட்டில் இடமில்லை. தளைநார், முருக்குத்தடி, அருவாப்பெட்டி என்னும் சொற்கள் பனையேறிகளின் நாவிலேயே வாழ்கின்றன. மரமேறுவோர் அருகிவரும் இந்நாளில் அச்சொற்களும் அருகுகின்றன. அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் கவிஞர்தம் கடன்; கேட்பதற்கு விடிலிவரை நடந்தாக வேண்டும்.