குன்மமும் மரச்சீனியும்

எங்கள் பாட்டாவின் வயிற்றில் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு தழும்பு உண்டு. இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள் வரிசையாக இருக்கும். குழந்தைகள் நாங்கள் அதை ரயில் பாதை என்போம். "எவரெஸ்ட் ஏறின சாயிப்பு போட்ட பாதையாக்கும்" என்று பாட்டா பெருமையோடு தடவிக் கொள்வார். அந்தத் தழும்பின் காரணமாக எங்கள் பாட்டி ஐம்பது வருஷம் ஒரு பழியைச் சுமந்தாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அருமனை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பர் முதல் தேதிதான் விளவங்கோடு தாலுகாவோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ஏழை எளியவர்களுக்கு நெல்லுச் சோறு என்பது விசேஷ நாளில் காண்கிற வஸ்து. மற்ற நாளெல்லாம் மரச்சீனிக் கிழங்கு, கிடைத்தால் மீன்கறி, கிடைக்காவிட்டால் காந்தாரி மிளகாயும் உப்பும். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஜனங்கள் பட்டினி கிடக்கக் கூடாதென்று ஆதரித்துப் பரப்பிய கிழங்கு அது.

கிழங்கைப் போலவே அந்தச் சீமையில் இன்னொன்றும் பரவியிருந்தது. குன்மம். பசித்தால் வயிறு எரியும். ஏதாவது தின்றால் சற்று அடங்கும். நடுச்சாமத்தில் ஆளை எழுப்பி உட்கார வைக்கும். நாட்டு வைத்தியர்கள் அதில் எட்டு வகை கண்டிருந்தார்கள். புண் ஆறுவதும் மீண்டும் வருவதுமாகத் தழும்பேறி, இரைப்பை குடலோடு சேருகிற வாசல் சுருங்கிப் போனால், நேற்றுத் தின்றது இன்று வாந்தியாக வரும். பாட்டா அந்த நிலைமைக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது. எலும்பும் தோலுமாக மாட்டு வண்டியில் படுக்க வைத்து நெய்யூருக்குக் கொண்டு போனார்களாம்.

நெய்யூரில் லண்டன் மிஷனின் வைத்தியப் பணியை 1838-இல் தொடங்கியவர் டாக்டர் ராம்சே. ஆனால் அந்த ஊரின் பெயரை உலகமறியச் செய்தவர் ஹாவர்ட் சாமர்வெல். 1922-இல் எவரெஸ்ட் ஏறும் கோஷ்டியில் வந்தவர், ஊர் திரும்புமுன் நெய்யூரைப் பார்க்க வந்தார். காத்துக் கிடக்கும் கூட்டத்தையும், அதன் நடுவே தனியாகத் தவித்த ஒரே டாக்டரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த உத்தியோக வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்துவிட்டார். 1924-இல் ஒரு தடவை மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். பிராணவாயுக் குடுவை இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறி, தொண்டை அடைத்து உயிர் போகிற தறுவாயில் திரும்பினார். திரும்பியது நம் ஜனங்களின் வயிற்றைத் திறக்கத்தான் போலும்!

குன்மத்துக்கு அவர் செய்த சிகிச்சை சொல்வதற்கு எளிது. அடைபட்ட வாசலை விட்டுவிட்டு, இரைப்பையில் வேறொரு வழி வெட்டிச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பது. அவரும் அவரிடம் பழகிய டாக்டர்களும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படிப்பட்ட சிகிச்சைகளைச் செய்தார்கள். பாட்டாவுக்குக் கத்தி பிடித்தது சாயிப்பா, உதவி டாக்டரா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது, காரணம் தேடிய கதை.

குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மக்காரிசன் என்ற விஞ்ஞானி, திருவிதாங்கூர் ஏழைகளின் ஆகாரத்தை எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். கால்பங்குக்கு மேற்பட்ட எலிகளுக்கு வயிற்றில் புண் கண்டது. வடநாட்டு ஆகாரம் தின்ற எலிகளுக்கு இல்லை. பிறகு 1960-களில் மல்ஹோத்ரா என்ற ரயில்வே டாக்டர், வடக்கைவிடத் தெற்கிலுள்ள சிப்பந்திகளுக்கே இந்த நோய் அதிகம் என்று கணக்கெடுத்தார். ரொட்டியை மென்று உமிழ்நீரோடு விழுங்குகிறார்கள், சோற்றை அப்படி மெல்வதில்லை என்பது அவர் வாதம். ஆக, படித்தவர்களின் முடிவும் எங்கள் வீட்டு அடுக்களைத் தீர்ப்பும் ஒன்றாகவே இருந்தன. பாட்டாவின் தாயார் சாகிறவரை பாட்டியைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று: "உன் எரிவும் புளியும்தான் என் பிள்ளையின் குடலை அரித்தது."

1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்பவர், அழற்சி கண்ட இரைப்பைச் சதையை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வளைந்த கிருமிகள் அப்பிக் கிடப்பதைக் கண்டார். அந்த அமிலத்தில் எதுவும் பிழைக்காது என்பது அதுவரை பாடப்புத்தகம். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்க முயன்று முயன்று தோற்றார்கள். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையில் யாரும் தொடாமல் சில நாள் கிடந்த தட்டில் அது தானாகவே முளைத்திருந்தது! ஜனங்கள் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். பத்து நாளில் அவர் இரைப்பை அழன்று போயிற்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயரிடப்பட்ட அந்தக் கிருமிக்காக 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெய்யூருக்குப் பிறகு வேலூர் மருத்துவக் கல்லூரியில் 1961 வரை கற்பித்த சாமர்வெல், 1975-இலேயே காலமாகிவிட்டார். அவ்வளவு வயிறுகளைத் திறந்த மனிதர், உள்ளே இருந்தவனைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார்.

இதோடு மரச்சீனிக்கு விடுதலை என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஆனால் விஷயம் அத்தனை நேர்கோடு அல்ல. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி உண்டு. புண் வருவதோ சிலருக்குத்தான். 1997-இல் கிருமியின் மரபணுக்கள் முழுவதையும் படித்தார்கள், ஏறத்தாழ 1,600. அதில் 'காக்-ஏ' என்ற ஒன்று, நம் இரைப்பைச் செல்லுக்குள் ஊசி போடுவது போலத் தன் புரதத்தைச் செலுத்தும் துஷ்டன். மேல்நாட்டில் அது உள்ள கிருமிதான் புண்ணை அதிகம் உண்டாக்குகிறது. கல்கத்தாவில் ஆராய்ந்தால், நோயாளியிடமும் அது இருக்கிறது, கல்லைத் தின்றாலும் செரிக்கிறவனிடமும் இருக்கிறது! ஆகவே ஆகாரத்தின் பேரில் சந்தேகம் இன்னும் கொஞ்சம் பாக்கி.

இன்று இதற்குக் கத்தி வேண்டாம். இரண்டு கிருமிக்கொல்லிகளும் அமிலத்தை அடக்கும் ஒரு மாத்திரையும், சுமார் இரண்டு வாரம். மருந்து குடலைக் கலக்கிப் பேதியாக்காமலிருக்க, தயிரிலுள்ளவை போன்ற நல்ல நுண்ணுயிர்களையும் சில டாக்டர்கள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். புளித்த பாலைச் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்று நூறு வருஷத்துக்கு முன் மெச்னிகாப் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. மோர் மட்டும் புண்ணை ஆற்றிவிடாது. ஆனால் துணைக்கு நிற்கிறது.

நோபல் செய்தி பத்திரிகையில் வந்தபோது பாட்டிக்குத் தொண்ணூறு வயசு. பாட்டா போய்ப் பதினைந்து வருஷமாகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவளிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரிடமிருந்து, அதிலும் பலசமயம் பெற்ற தாயிடமிருந்தே தொற்றுகிறது என்ற இடம் வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாட்டி, உம்ம மாமிதான் கொடுத்திருப்பாவ!" என்றேன்.

பாட்டி சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்துக் கொண்டே கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தாள்.

"பாவம், அவிய போய்ச் சேந்தாச்சு. இனி அவியளக் குத்தம் சொல்லாண்டாம் மக்களே" என்றாள். பிறகு, ராத்திரிக்குக் கிழங்கு அவிக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.