மாரியும் மோட்டார் வண்டியும்: தீவகத்துத் தொழிலறிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றதும் அரசுகளையும் போர்களையும் கோயில்களையும் கல்வெட்டுக்களையும் நினைக்கப் பழகியவர்கள் நாம். ஒரு சமூகம் அன்றாடம் கையாண்ட கருவிகளுக்கும், அவற்றைப் பழுதுபடாது பேணிய கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. யாழ்ப்பாணத்தின் பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் பழமை அழகையே பேசுகின்றனர். அவ்வண்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடியமைக்கு அழகு காரணமன்று. தட்டுப்பாடு ஒரு காரணம், தொழிலாளரின் அறிவு மற்றொரு காரணம். அவ்வறிவு ஆண்டுதோறும் கடுமையாகச் சோதிக்கப்பட்டது மாரிகாலத்திலேயாகும். அதனை மையமாகக் கொண்டு, தீவகத்தின் சுருவில் போன்ற கடலோரக் கிராமங்களின் சூழலில் இவ்விடயத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவில், ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்தது சுருவில். யாழ்ப்பாண நகரிலிருந்து அங்கு செல்வோர் பண்ணைக் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியைக் கடந்தே செல்ல வேண்டும். இருபுறமும் ஆழங்குறைந்த கடல். மழைக்காலத்தில் வாடைக்காற்றோடு உப்புத்துளிகள் வீதியிலே வந்து விழும். யாழ்ப்பாணப் பிரதேசத்தின் ஆண்டு மழைவீழ்ச்சியின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்திலே கிடைக்கிறது. மழை ஓய்ந்ததும் மார்கழி, தை மாதப் பனி தொடரும். ஊர்காவற்றுறை மருத்துவமனைக்கோ யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கோ நள்ளிரவில் ஒரு நோயாளியைக் கொண்டுசெல்ல வேண்டிய நிலையில், கிராமத்தில் உள்ள ஓரிரு கார்களில் ஒன்று புறப்படுமா என்பது வெறும் வசதி பற்றிய வினாவன்று. உயிர் பற்றிய வினாவாகும்.

இவ்வண்டிகள் இங்கு வந்த வரலாற்றை முதலில் சுருக்கமாக நோக்குவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய மோட்டார்த் தொழில் ஏற்றுமதியையே பெரிதும் நம்பியிருந்தது. 1948இல் மொறிஸ் மைனரும், 1952இல் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்றும், 1954இல் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் வெளிவந்தன. சுதந்திரம் பெற்ற இலங்கை அவற்றுக்கு ஏற்ற சந்தையாயிற்று. தீவகத்தவர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வணிகம் செய்து பொருளீட்டியவர்கள். அப்பொருளின் ஒரு பகுதி ஊரிலே கல்வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் சில குடும்பங்களில் மோட்டார்க் காராகவும் உருப்பெற்றது. வாடகைக் கார்ச் சாரதிகள் என்ற தொழிற்பிரிவினரும் இக்காலத்திலே வளர்ந்தனர்.

1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடி இந்நிலையை மாற்றியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் கைமாறி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய வண்டிகள் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டியவையாயின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானிய வாகனங்கள் வரத் தொடங்கிய போதும், சிறு வருமானமுடைய சாரதிக்குப் பழைய ஒஸ்ரினே கைக்கு எட்டியதாக இருந்தது. எனவே பழைய காரைப் பேணுதல் இங்கு பொழுதுபோக்காகத் தோன்றவில்லை; பொருளாதார அடித்தளத்திலிருந்து எழுந்த கட்டாயமாகவே தோன்றியது.

இங்கிலாந்திலே தயாரான வண்டிக்கு அங்கிருந்தே கையேடும் வந்தது. குளிர்காலம் பற்றி அத்தகைய கையேடுகள் பெரிதும் கவலைப்பட்டது உறைபனி குறித்தே: ரேடியேற்றர் நீர் உறைந்து வெடிக்கலாம், எஞ்சின் எண்ணெய் தடித்துவிடலாம் என்பன அவற்றின் எச்சரிக்கைகள். யாழ்ப்பாணத்தில் நீர் உறைவதில்லை. தை மாத இரவிலும் வெப்பநிலை இருபது பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். இங்கு பகை குளிரன்று; ஈரமும் உப்புமே பகை. ஆகவே இங்கிலாந்தின் குளிர்கால அறிவுரையை அப்படியே பின்பற்ற இயலாது. இம்மண்ணுக்குரிய அறிவு கராச்சுகளிலும் வீட்டு முற்றங்களிலும் புதிதாக உருவாக வேண்டியிருந்தது.

அவ்வறிவின் முதற்கூறு எரிபற்றல் பற்றியது. கொயில் பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தத்தை உண்டாக்க, டிஸ்ரிபியூற்றர் அதனை நான்கு பிளக்குகளுக்கும் முறையே பகிர்ந்தளிக்கிறது. டிஸ்ரிபியூற்றர் மூடியின் உட்புறத்தில் பனியின் ஈரம் படிந்தால், அல்லது பழைய வயர்களின் உறை வெடித்து அதிலே ஈரம் ஊறினால், மின்சாரம் பிளக்கை அடையாது இடைவழியிலே ஒழுகிவிடும். உப்புக் கலந்த ஈரம் மின்னை மேலும் எளிதாகக் கடத்தும். உள்நாட்டுக் கிராமத்தில் ஓடும் காரைவிடத் தீவிலே ஓடும் கார் காலையில் அடம்பிடிப்பதன் காரணம் இதுவே. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தல், அதிலே மயிரிழை போன்ற கருங்கோடு விழுந்துள்ளதா என நோக்குதல், பொயின்ற்றுகளைத் தீட்டி இடைவெளியைச் சரிசெய்தல், பிளக்குகளைக் கழற்றிச் சூடாக்கி மீண்டும் பூட்டுதல் என்பன மாரிக்காலத்துக் காலைக் கடன்களாயின. பற்றரி தளர்ந்திருந்தால், முன்புறத்தில் ஹான்டிலைச் செருகிக் கையாற் சுழற்ற வேண்டும். மலைநாட்டுச் சாரதி இரவிலே காரைச் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருளவிட்டு எஞ்சினை எழுப்பலாம். தீவகமோ தட்டை நிலம். சரிவுக்குப் பதிலாக அயலவரின் தோள்களே உதவின. காரைத் தள்ளிவிடுதல் அயலுறவின் ஓர் அங்கமாயிருந்தது என்பதும் சமூக வரலாற்றுக் குறிப்பே.

இரண்டாவது கூறு நீர் பற்றியது. தீவகத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்நீர். சாட்டி போன்ற சில இடங்களே நன்னீருக்குப் பெயர்பெற்றவை. உவர்நீரை ரேடியேற்றரில் ஊற்றினால் குழாய்களிலே உப்புப் படிந்து அடைக்கும், உலோகமும் அரிக்கப்படும். பற்றரிக்கு அந்நீர் அறவே ஆகாது. வானிலிருந்து நேரே ஏந்திய மழைநீரிலோ கரைந்த உப்பு மிகக் குறைவு. வயரை நனைத்துக் காரை நிறுத்திய அதே மழை, ரேடியேற்றருக்கு ஏற்ற நீரையும் தந்தது. கடற்காற்று வீசும் வீதியிலே ஓடிவந்த வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவ வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த விதி. குடிநீருக்கே அலையும் கோடையில் அதனைக் கடைப்பிடித்தல் எளிதன்று. சோமசெற்றுக்குத் தனியான உருக்குச் சட்டகம் உண்டு. மொறிஸ் மைனருக்கோ உடலே சட்டகம். ஆதலின் மைனரின் அடித்தகடு துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே உக்கிப்போவதாகும். தகடு வெட்டி ஒட்டும் தொழிலாளரின் கைத்திறனை இவ்வழியிலும் மதிப்பிட வேண்டும்.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதோடு இவ்வரலாறு புதியதொரு கட்டத்தை அடைகிறது. அவ்வாண்டிலும் 1991இலும் நடைபெற்ற படை நடவடிக்கைகளால் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ஊர்கள் வெறுமையாயின; தீவகத்தின் கதை இவ்விடத்தில் குடாநாட்டின் கதையோடு கலக்கிறது. குடாநாட்டுக்குப் பெற்றோலும் வாகன உதிரிப்பாகங்களும் செல்வது தடைசெய்யப்பட்டது, மின்விநியோகமும் நின்றது. மக்களிற் பெரும்பாலோர் சைக்கிளுக்குத் திரும்பினர். கார்களோ மண்ணெண்ணெய்க்கு மாறின.

பெற்றோலில் ஓடவென அமைந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எவ்வாறு ஓடியது என்பது விளக்கத்துக்குரியது. பெற்றோல், தீப்பற்றத்தக்க ஆவியை ஏறத்தாழப் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகையிலும் தரவல்லது. மண்ணெண்ணெய்க்கு முப்பத்தெட்டுப் பாகைக்கு மேலான வெப்பம் வேண்டும். ஆகவே மாரிக்காலைக் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் தானாகத் தீப்பற்றாது. சிறு போத்தலிலே காத்துவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரினுள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் வளியும் எரிபொருளும் உட்செல்லும் குழாயும், புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி அமைந்தவை. புகையின் சூடு உட்செல்லும் கலவையை ஆவியாக்க உதவிற்று. அவற்றின் அமுக்க விகிதமும் குறைவு. சோமசெற்றில் அது ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. அமுக்கம் கூடிய புதிய எஞ்சினிலே மண்ணெண்ணெய் தட்டொலி எழுப்பி உறுப்புகளைச் சிதைக்கும். பழைய எஞ்சினிலோ எரிபற்றும் நேரத்தைச் சிறிது பின்தள்ளிவிட்டால் அதனைத் தாங்கிக்கொள்ளும். யப்பானியப் புதுக்காரைவிட நாற்பது வயதுக் கார் அந்நாளில் உதவியதற்கு இதுவே விஞ்ஞானக் காரணம். அதே தலைமுறையைச் சேர்ந்த பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் எழும்பி, மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடும்படி பிரித்தானியாவிலேயே தயாரிக்கப்பட்டது. அங்கு தொழிற்சாலை செய்ததை இங்கு கராச்சுத் தொழிலாளி தன் கையால் செய்தான்.

இதற்குச் செலுத்திய விலையையும் மறைத்தல் ஆகாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. குளிர்ந்த ஈரநாட்களில் இக்கேடு மிகுதி; எண்ணெயை அடிக்கடி மாற்றாவிடின் எஞ்சின் தேய்ந்தழியும். பிளக்குகளிலே கரி படிந்தது. வீதியிலே கிளம்பிய வெண்புகையை எல்லோரும் சுவாசித்தனர். திறந்த காபரேற்றரிலே பெற்றோல் ஊற்றுதல் தீவிபத்துக்கும் இடமளிப்பது. துன்பத்தின் நடுவே பிறந்த திறமையைப் போற்றும் நாம், அத்துன்பத்தையும் சேர்த்துப் போற்றிவிடலாகாது.

இந்நிலை உலகில் வேறெங்கும் காணாததன்று. 1960களில் அமெரிக்காவின் வணிகத் தடைக்கு உள்ளான கியூபாவில், 1950களின் அமெரிக்கக் கார்கள் கடற்காற்றுக்கும் உதிரிப்பாகத் தட்டுப்பாட்டுக்கும் ஈடுகொடுத்துத் தலைமுறை கடந்து ஓடின. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்த அம்பாசடர் இந்தியாவில் 2014 வரை தயாரிக்கப்பட்டது. குடாநாட்டுக்கு உதிரிப்பாகம் மறுக்கப்பட்ட அதே 1990களில், தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான பாகங்கள் உற்பத்தியாகி இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. ஒரே தீவில், ஒரே காருக்கு, இருவேறு வரலாறுகள்.

2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டதும் புதிய வாகனங்கள் வடக்கு நோக்கி வந்தன. 2009இல் போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் பழைய ஒஸ்ரின்கள் யாழ்ப்பாண வாடகைத் தரிப்பிடங்களிலே நின்றன. முச்சக்கர வண்டிகளின் பெருக்கம் அவற்றின் பிழைப்பைக் குறைத்தது. எஞ்சியவை சேகரிப்போர் கைக்கும் மணவிழா ஊர்வலங்களுக்கும் சென்றன.

கார்கள் காட்சிப்பொருளாகவேனும் எஞ்சும். அவற்றை ஓட்டிய அறிவு அவ்வாறு எஞ்சாது. அவ்வறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. குருவின் கையைப் பார்த்துச் சீடன் பழகிய அறிவு அது. எஞ்சினின் ஒலியைக் கேட்டு நோயறிந்த செவியறிவு அது. சித்த மருத்துவ ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சமூகம், தன் கம்மியரின் அறிவை ஏடேற்றத் தகாததெனக் கருதியமைக்கு உடலுழைப்பை இழிவாக எண்ணும் நம் பழைய மனப்பாங்கே காரணம் எனலாம். எஞ்சின் இயங்கும் விதிகளை நூல்வழி கற்கும் பல்கலைக்கழக மாணவன், அவ்விதிகளை மழையிலும் தடையிலும் நடைமுறைப்படுத்தியோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை பல உள. அத்தொழிலாளரும் சாரதிகளும் இன்று முதியவர்கள். அவர்களுடைய சொற்களையும் கைமுறைகளையும் ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் தொகுக்கும் பணியைத் தமிழ்ச் சங்கமும் வரலாற்றுத் துறையும் இணைந்து மேற்கொள்ளுதல் வேண்டும். சுருவில் போன்ற ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், கோயில் வாயிலிலே கேட்கும் கதைகளோடு கராச்சு வாயிலிலும் ஒருநாள் அமர்ந்து கேட்பாராயின், நம் வரலாறு மேலும் நிறைவுடையதாகும்.