பிறப்பை மறந்த நீரும் பிறப்பைக் கேட்ட நகரமும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் கோட்டைகளையும் சிலைகளையும் மாத்திரம் பார்த்துத் திரும்புதல் போதாது. அந்நகரத்தார் எந்த நீரை அருந்துகின்றனர், அந்நீர் எவர் வாயிலுக்குச் செல்கின்றது என்பதையும் விசாரித்தல் வேண்டும். நமீபியாவின் தலைநகராகிய விந்தோக் இவ்விசாரணைக்கு ஏற்றதோர் உரைகல்லாகும்.

வெந்நீர் ஊற்றுகளை நம்பி எழுந்த குடியிருப்பு அது. நாமா மக்கள் அதனை 'அனல்நீர்' என்னும் பொருள்படவும், ஹெரேரோ மக்கள் 'ஆவி எழும் இடம்' என்னும் பொருள்படவும் அழைத்தனர். 1890ல் ஜேர்மன் படை அங்கே கோட்டை எழுப்பியது. 1904 முதல் 1908 வரை அவ்விரு மக்கள்மீதும் இனக்கொலை நடந்தேறியது. ஹெரேரோக்கள் நீரற்ற ஓமஹேகே பாலைவெளிக்குள் விரட்டப்பட்டனர், நீர்நிலைகள் மறிக்கப்பட்டன, ஆயிரமாயிரம் பேர் தாகத்தால் மாண்டனர். அந்நாட்டிலே நீர் தொடக்கந்தொட்டே ஆட்சியின் ஆயுதமாக இருந்துவந்துள்ளது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

1915ல் தென்னாபிரிக்கப் படை அந்நாட்டைக் கைப்பற்றியது. நகரம் பெருத்தது, ஊற்றுகள் போதவில்லை. அங்கே ஆண்டிற்குச் சுமார் 360 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. பெய்வதிலும் பெரும்பங்கை வெயில் குடித்துவிடுகின்றது. வற்றாத ஆறுகள் நாட்டின் எல்லைகளில் மாத்திரமே ஓடுகின்றன. வடக்கே ஒக்கவாங்கோ ஆறு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. 1958ல் கட்டப்பட்ட கொரியங்காப் அணையும் தாகத்தைத் தீர்க்கவில்லை.

இந்த நெருக்கடியே மனித அறிவை ஒரு புதிய பாதையில் உந்தியது. 1968ல் கொரியங்காப்பில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. வீடுகளிலிருந்து வெளியேறிய கழிவுநீர் மீண்டும் குடிநீராக்கப்பட்டு, நகரின் குழாய்களுக்கே நேராகத் திருப்பி அனுப்பப்பட்டது. உலகில் எந்த நகரமும் அதற்கு முன் இதனைச் செய்ததில்லை. நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்த்தன; மணற்படுகையும் கரியும் எஞ்சிய அழுக்கை வடித்தன; குளோரீன் கிருமிகளைக் கொன்றது. தொழிற்சாலைகளின் நச்சுநீர் இதனோடு கலவாதவாறு வேறாகப் பிரிக்கப்பட்டது. நீரை அதன் பூர்வீகத்தைக் கொண்டு எடைபோடலாகாது, அதன் தரத்தைக் கொண்டே எடைபோட வேண்டும் என்ற உண்மை அங்கே செயலில் நிறுவப்பட்டது. அருவருப்பு என்னும் பழைய உணர்ச்சியை ஆராய்ச்சி வென்றது. இதனை நாம் மனமுவந்து போற்றுகின்றோம்.

ஆனால், நீரின் பிறப்பைக் கேளாதிருக்கக் கற்ற அந்த நகரம் மனிதனின் பிறப்பைக் கேட்பதை நிறுத்தியதா? இல்லை.

அதே 1968ல், அதே விந்தோக்கில், ஆபிரிக்க மக்கள் தலைமுறையாக வாழ்ந்த 'பழைய குடியிருப்பு' இறுதியாக மூடப்பட்டது. அவர்களுக்கென நகருக்கு அப்பால் கட்டப்பட்ட புதிய சேரியில் வாடகை அதிகம். வேலைத்தலத்துக்குப் போகும் பஸ் கட்டணம் வேறு. அங்கே இனத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, வீட்டுக் கதவுகளிலே இனத்தைக் குறிக்கும் எழுத்தும் பொறிக்கப்பட்டது. குடிபெயர மறுத்த மக்கள் 1959 டிசம்பரில் பஸ்களையும் நகரசபையின் பிற சேவைகளையும் பகிஷ்கரித்தனர். 10ஆம் திகதி பொலிசார் சுட்டதில் குறைந்தது 11 பேர் உயிரிழந்தனர். புதிய சேரிக்கு மக்கள் இட்ட பெயர் 'கட்டுதூரா'. எவரும் வாழ விரும்பாத இடம் என்பது அதன் பொருள்.

விஞ்ஞானம் தானாகவே மனிதனை விடுதலை செய்துவிடும் என நம்புவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக. அறிவு எவர் கையில் இருக்கின்றதோ அவர் நோக்கத்துக்கே அது முதலில் ஊழியஞ் செய்கின்றது. அதற்காக அறிவை வெறுப்பது பேதைமை. அதனை மக்கள் கைக்கு மாற்றுவதே கடமை.

நமீபிய மக்கள் நீண்ட போராட்டத்தின் பின் 1990 மார்ச் 21ல் சுதந்திரம் பெற்றனர். டிசம்பர் 10 அந்நாட்டின் நினைவு நாளாயிற்று. நிறவெறி ஆட்சியின் நிலையத்தை அவர்கள் இடித்தெறியவில்லை. 2002ல், ஓசோனும் நுண்சவ்வு வடிகளும் கொண்டு, நாளொன்றுக்கு 21,000 கன மீற்றர் நீர் தரவல்ல புதிய நிலையத்தை நிறுவினர். பகைவன் விட்டுச்சென்ற கருவியைப் பொதுவுடைமையாக்கிக்கொள்ளும் விவேகம் அது.

எனினும் கணக்கு இன்னும் தீரவில்லை. கொரியங்காப் அணையைச் சூழவுள்ள தகரக் குடிசைகளின் மக்கள் பொதுக்குழாயிலே, முன்பணம் செலுத்தி நீர் பெறவேண்டியவராயினர். கழிப்பிட வசதியற்ற அக்குடிசைகளின் அழுக்கு அணைநீரையும் கெடுத்தது. கழிவிலிருந்து தெளிந்த நீரைப் பிரித்தெடுக்க மனிதன் கற்றுக்கொண்டான். அந்நீரைச் சமமாகப் பங்கிட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. முதலாவது வேலையைப் பொறியியலாளர் செய்து முடித்தனர். இரண்டாவது வேலை அவர்களுடையது மாத்திரமன்று. அது நம் அனைவருடையதுமாகும்.