வாழ்நாள் உயிலில் யார் கையெழுத்து? இந்திய நடைமுறை வளர்ந்த விதம்

சொத்துக்கு உயில் எழுதுவதில் இந்தியச் சட்டம் யாரையும் அலைக்கழிப்பதில்லை. எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. ஆனால் நினைவு தப்பிக் கிடக்கும்போது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கும் 'வாழ்நாள் உயில்' 2018 வரை உச்ச நீதிமன்றத்தின் ஏற்பைப் பெறவில்லை. ஏற்பு கிடைத்த பின்பும் ஐந்தாண்டுகள் அது ஏட்டளவிலேயே நின்றது. அதற்குக் காரணம் ஒரு கையெழுத்து என்பது என் கருத்து.

இந்த யோசனையை 1969-இல் முன்வைத்தவர் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் கட்னர். 1976-இல் கலிபோர்னியா அதைச் சட்டமாக்கியது. இந்தியாவில் கியான் கவுர் வழக்கில் (1996) வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று தீர்ப்பானது. எனினும் கண்ணியமாக வாழும் உரிமை இயற்கையான முடிவுவரை நீளும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பின்னாளில் வந்த வாதங்களுக்கு இந்த ஒரு இழையே பிடிமானம்.

அருணா ஷான்பாக் வழக்கு (2011) வேறொரு வெறுமையைக் காட்டியது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியரான அவர் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். எழுத்தாளர் பிங்கி விரானி உணவூட்டுவதை நிறுத்தக் கோரினார். முப்பத்தேழு ஆண்டுகளாக அவரைப் பேணிவந்த மருத்துவமனைச் செவிலியர்களோ அவர் வாழ வேண்டும் என்றார்கள். இரு தரப்பிலும் அன்பு இருந்தது. அருணாவின் சொல் மட்டும் இல்லை; அவர் எதையும் எழுதிவைத்திருக்கவில்லை. நீதிமன்றம் மனுவை நிராகரித்தது. ஆனால் இத்தகைய நோயாளிகளுக்கு உயிர்காக்கும் சிகிச்சையை உயர் நீதிமன்ற அனுமதியோடு விலக்கலாம் என்று வழிவிட்டது. வேண்டாத சிகிச்சையை மறுப்பதையும் 'கருணைக்கொலை' என்றே நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. அது கொலை அல்ல. அந்தச் சொல் குடும்பங்களைக் குற்றவுணர்வில் தள்ளுகிறது.

'காமன் காஸ்' அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு வாழ்நாள் உயிலை ஏற்றது. நடைமுறைதான் வழியை அடைத்தது. இரண்டு சாட்சிகளோடு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரும் கையெழுத்திட வேண்டும். உயிலைச் செயல்படுத்தும் நேரத்தில் மருத்துவமனைக் குழு ஒன்று, பிறகு மாவட்ட ஆட்சியர் அமைக்கும் குழு ஒன்று, இறுதியில் நடுவரே நோயாளியை நேரில் வந்து பார்க்க வேண்டும். குழு மருத்துவர்களுக்கு இருபதாண்டு அனுபவமும் தேவை. வென்டிலேட்டரில் இருப்பவரின் வீட்டார் இத்தனை வாசல் எப்படி ஏறுவார்கள்? தவறாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த அச்சம் உயில் எழுதியவரின் குரலையே அமுக்கிவிட்டது.

தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2019-இல் முறையிட்டது. 2023 ஜனவரியில் நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு விதிகளைத் தளர்த்தியது. நடுவருக்குப் பதில் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். இரண்டு குழுக்களையும் மருத்துவமனையே அமைக்கலாம். மருத்துவர்களுக்கு ஐந்தாண்டு அனுபவம் போதும். முடிவை 48 மணி நேரத்துக்குள் சொல்வது நல்லது. நடுவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும். தன் சார்பில் பேச ஒன்றுக்கு மேற்பட்ட உறவினர்களையும் குறிப்பிடலாம். அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி முடிவெடுக்கும் வீடுகளுக்கு இது பொருந்துகிறது.

உயிலின் ஒரு பிரதியை உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் காப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் இதற்காகவே பொதுநல வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. கர்நாடகம் 2025 ஜனவரியில் இந்தத் தீர்ப்பைச் செயல்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது. மற்ற ஊர்களிலும் நகராட்சி, ஊராட்சி அலுவலகங்களில் அந்தத் தாளை வாங்கிவைக்க ஒருவர் வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் கேட்கும்போது அதை எடுத்துத் தரவும் அவர் வேண்டும்.