தாயின் பெயர் சுமக்கும் கப்பல்கள்

ஆங்கிலம் பேசும் மாலுமிகள் தங்கள் கப்பலை 'அவள்' என்றே குறிப்பிடுவார்கள். அந்த 'அவள்' மீது ஏறி வேலை செய்யும் உரிமை மட்டும் பெண்களுக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. வணிகக் கப்பலில் ஒரு பெண் இருந்தால், பெரும்பாலும் அவள் கேப்டனின் மனைவியாக இருப்பாள். 1856இல் 'நெப்டியூன்ஸ் கார்' என்ற அமெரிக்கப் பாய்மரக் கப்பலின் கேப்டன் ஜோஷுவா பேட்டன் நடுக்கடலில் நோயில் விழுந்தார். அவருடைய மனைவி மேரி பேட்டனுக்கு அப்போது 19 வயது, கருவுற்றிருந்தார். முந்தைய பயணத்தில் பொழுதைப் போக்குவதற்காகக் கற்றிருந்த வழிகணிப்பை வைத்துக்கொண்டு, கேப் ஹார்ன் முனையைச் சுற்றிக் கப்பலை சான் ஃபிரான்சிஸ்கோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். காப்பீட்டுக்காரர்கள் 1,000 டாலர் பரிசு கொடுத்தார்கள். அதன்பின் அவர் எந்தக் கப்பலையும் நடத்தவில்லை. 24 வயது நிறைவதற்குள் இறந்துபோனார்.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. உலக வணிகக் கப்பல்களில் வேலை செய்பவர்களில் பெண்கள் 1.28 விழுக்காடு என்று கப்பல் தொழில் அமைப்புகளின் 2021ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. நூறு பேரில் ஒருவர், கொஞ்சம் கூட. இந்த எண்ணைக் கண்ட பிறகுதான், கல்லூரிக் காலத்தில் விரும்பிப் படித்த சி. ஜே. செர்ரியின் விண்வெளி வணிகக் கப்பல் நாவல்களை வரிசையாக மறுபடி வாசிக்க எடுத்தேன். அன்று அவற்றைச் சாகசத்துக்காகப் படித்தேன். இந்த முறை ஒரு கேள்வியோடு படித்தேன்: கப்பல் யாருடையது, அதில் பிறக்கும் குழந்தை யாருடையது?

இந்த வகைக் கதைகளுக்கு 'ஸ்பேஸ் ஓபரா' என்று பெயர். வில்சன் டக்கர் என்ற எழுத்தாளர் 1941இல் கேலியாக வைத்த பெயர் அது. அப்போது அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில் குடும்பத் தொடர்கள் ஓடின. வீட்டுப் பெண்கள் கேட்பார்கள், சோப்பு நிறுவனங்கள் விளம்பரம் கொடுக்கும். அதனால் அவை 'சோப் ஓபரா'. அதே அச்சில் வார்த்ததுதான் 'ஸ்பேஸ் ஓபரா'. ஆண்கள் எழுதி ஆண்கள் வாசித்த விண்கலக் கதைகளை மட்டம்தட்டுவதற்குக்கூட, பெண்கள் கேட்ட தொடர்களின் பெயர்தான் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த ஆண் உலகத்துக்குள் பெண்கள் எழுதாமல் இல்லை. பெயரை மறைத்துக்கொண்டு எழுதினார்கள். கேத்தரின் லூசில் மூர் 1933இல் சி. எல். மூர் ஆனார். ஆலிஸ் மேரி நார்ட்டன் 1934இல் சட்டப்படியே தன் பெயரை ஆண்ட்ரே என்று மாற்றிக்கொண்டார். ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற 'ஆண்' எழுத்தாளர் உண்மையில் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்பது 1977இல்தான் வெளியே தெரிந்தது. இந்த வரிசையில் வருபவர்தான் 1942இல் பிறந்த கரோலின் ஜேனிஸ் செர்ரி. லத்தீனும் செவ்வியல் இலக்கியமும் படித்தவர். ஓக்லஹோமா நகரத்துப் பள்ளி ஒன்றில் லத்தீனும் பண்டைய வரலாறும் கற்பித்தவர். 1976இல் அவருடைய முதல் நாவலை வெளியிட்ட டொனால்ட் வோல்ஹெய்முக்கு, 'செர்ரி' என்ற பெயர் காதல் கதை எழுதுபவருடையதைப் போலத் தோன்றியது. பெயரின் கடைசியில் ஒலிக்காத ஓர் 'எச்' எழுத்து சேர்ந்தது; முன்னால் இரண்டு தலைப்பெழுத்துகள் மட்டும் நின்றன. தாயின் பெயர் பிள்ளைக்குப் போகும் ஓர் உலகத்தை உருவாக்கிய பெண்ணுக்கு, தன் பெயரை முழுதாக அட்டையில் போட முடியவில்லை.

செர்ரிக்கு முன்பும் விண்வெளி வணிகர்கள் இருந்தார்கள். நார்ட்டன் 1955இல், ஆண்ட்ரூ நார்த் என்ற இன்னோர் ஆண் பெயரில், 'சோலார் குவீன்' கப்பலின் முதல் கதையை எழுதினார். கப்பலின் பெயரில் ராணி இருந்தாள். வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். 1957இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய 'சிட்டிசன் ஆஃப் த கேலக்ஸி'யில் வணிகக் கப்பல் ஒரு குடும்பமாகிறது. மூத்த பெண்மணியின் சொல்லுக்கு அங்கே கேப்டனே கட்டுப்படுகிறார். ஆனால் திருமண வயது வந்த பெண்கள் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குக் கொடுக்கப்படுகிறார்கள். ஆண்கள் பிறந்த கப்பலிலேயே இருக்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கத்தை நட்சத்திரங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்த கதை அது. அதிகாரம் கிடைக்க வேண்டுமானால் ஒரு பெண் முதலில் பிறந்த வீட்டை இழக்க வேண்டும், பிறகு கிழவியாக வேண்டும்.

செர்ரி இதைத் தலைகீழாக்கினார். 1981இல் வந்து அடுத்த ஆண்டு ஹியூகோ விருது பெற்ற 'டௌன்பிலோ ஸ்டேஷன்' ஒரு வரலாற்றுப் பாடத்தைப் போலத் தொடங்குகிறது. பூமியிலிருந்து கிளம்பிய ஆரம்பகாலக் கப்பல்கள் ஒளியைவிட மெதுவாகப் போனவை. ஒரு நட்சத்திரத்துக்குப் போய்வர ஆண்டுகள் ஆகும். கப்பலில் இருப்பவர்களுக்குக் காலம் ஒரு விதமாக ஓட, நிலையத்தில் இருப்பவர்கள் முதுமையடைந்து இறந்துபோவார்கள். ஊரென்று திரும்ப எதுவும் மிச்சமில்லாத மாலுமிகள் கப்பலையே ஊராக்கிக்கொண்டார்கள். தலைமுறைகள் கடந்ததும் கப்பல் என்பது ஒரே குடும்பம் ஆயிற்று. ஒரே கப்பலில் இருப்பவர்கள் சகோதர சகோதரிகள், மாமாக்கள், அத்தைகள். அவர்களுக்குள் உறவு கூடாது. துறைமுகத்தில் சில நாள் தங்கும்போது வேறு கப்பல்காரர்களோடு பழகுவார்கள். பிறக்கும் குழந்தை தாயின் கப்பலுக்கு உரியது; தாயின் குடும்பப் பெயரே அதற்கும். அப்பா யார் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். மற்றவர்கள் கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தால் பல சொற்கள் பொருளற்றுப் போகின்றன. 'முறைதவறிப் பிறந்த பிள்ளை' என்று அங்கே யாருமில்லை. வரதட்சணைக்கு இடமில்லை. பிள்ளை பெற்றதற்காக எந்தப் பெண்ணும் வேலையை விட்டு வேறு வீட்டுக்குப் போவதில்லை. சரக்குக் கணக்கைப் பார்ப்பவளும் கப்பலைச் செலுத்துபவளும் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். மேரி பேட்டன் மனைவியாக ஏறினார். செர்ரியின் பெண்கள் மகள்களாகவே கப்பலில் இருக்கிறார்கள். ஒரு பெண் வேலையிடத்துக்கு எந்த உறவின் வழியாக வருகிறாள் என்பது அவளுடைய உரிமையின் அளவைத் தீர்மானிக்கிறது.

ஆனால் தாய்வழி என்பது பெண்ணாட்சி அல்ல. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியையும் மலையாளத் தறவாட்டையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பெயரும் சொத்தும் பெண்வழி இறங்கின. சாவிக்கொத்து காரணவரான மாமாவிடம் இருந்தது. செர்ரி இந்த இடைவெளியை அறிந்தே எழுதுகிறார். 1982இல் வந்த 'மெர்ச்சன்டர்ஸ் லக்'கில் 'டப்ளின் அகெய்ன்' என்ற பெரிய கப்பலின் மகள் ஆலிசன் ரெய்லி. திறமைசாலி. கப்பலைச் செலுத்தும் நாற்காலிக்கு அவளுக்கு முன்னால் மூத்தவர்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து இருப்பதால் அவர்கள் சீக்கிரம் ஓய்வுபெறப் போவதுமில்லை. குடும்பம் அவளை நேசிக்கிறது, சோறு போடுகிறது. வேலை மட்டும் தரவில்லை. குடும்பத்தை எல்லாம் கொள்ளையர்களிடம் இழந்து, ஓட்டைக் கப்பல் ஒன்றைப் போலிக் காகிதங்களோடு தனியாக ஓட்டும் சாண்டர் என்பவனை அவள் சந்திக்கிறாள். இதைக் காதல் கதை என்று பின்னட்டைகள் சொல்லும். எனக்கு இப்போது அது ஒரு பெண் நாற்காலி தேடும் கதை. அவள் முதலில் பார்ப்பது அவனை. கணக்குப் போடுவது அவனுடைய கப்பலைப் பற்றி. அந்தக் கணக்கைச் செர்ரி பேராசை என்று சொல்லவில்லை. ஓர் ஆணுக்கு இலட்சியம் என்று எழுதுவதை அவளுக்கும் அப்படியே எழுதுகிறார்.

1994இல் வந்த 'ட்ரைபாயிண்ட்'தான் மறுவாசிப்பில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது. 'ஸ்ப்ரைட்' கப்பலின் மேரி ஹாக்கின்ஸ் இளம்பெண்ணாக ஒரு துறைமுகத்தில் 'கொரிந்தியன்' கப்பலின் ஆஸ்டின் போவால் வன்புணர்வு செய்யப்படுகிறாள். குழந்தையைப் பெற்று வளர்க்கிறாள். சொந்தக் கப்பல் அவளைக் காப்பாற்ற முயன்றது. பிறகு மறந்துவிடச் சொன்னது. அவள் மறக்கவில்லை. சரக்கு அதிகாரியாக உயர்ந்து, எதிரியின் கப்பல் எந்தத் துறைமுகத்தில் எதை ஏற்றியது, எதை இறக்கியது என்று ஆண்டுக்கணக்கில் கணக்கு வைத்திருக்கிறாள். அவளைப் பைத்தியம் என்கிறார்கள்.

அப்பா யாரென்று கேட்காத சமூகம் பெண்ணுக்கு எவ்வளவு விடுதலை தருகிறதோ, அதே சமூகம் வன்முறை செய்த ஆணையும் கேள்வியில்லாமல் போகவிடுகிறது. தந்தைக்கு உரிமை இல்லை என்றால் பொறுப்பும் இல்லை. கப்பல் கிளம்பிவிட்டால் வழக்கும் கிளம்பிவிடும். இவ்வளவு கூர்மையாகத் தொடங்கும் நாவல், பிறகு பெரும்பாலான பக்கங்களை மகன் டாம் தந்தையின் கப்பலில் சிக்கிக்கொண்ட கதைக்குக் கொடுத்துவிடுகிறது. ஆஸ்டினின் தரப்பைக் கேட்க நமக்கு நேரம் கிடைக்கிறது. மேரியின் குறிப்பேடுகளை வாசிக்கக் கிடைப்பதில்லை. நான் வாசிக்க விரும்பும் நாவல் அந்தக் குறிப்பேடுகளில் இருக்கிறது.

செர்ரியின் நிலையங்களில் இன்னொரு மௌனமும் உண்டு. பெல் நிலையத்துக்குக் கீழே உள்ள கோளின் பூர்வகுடிகளான ஹிசாக்கள் நிலையத்தின் குழாய்ப் பாதைகளில் பராமரிப்பு வேலை செய்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நிலையத் தலைவரின் மனைவியைப் பார்த்துக்கொள்பவளும் ஒரு ஹிசா. அவர்கள் சாந்தமானவர்கள், அன்பானவர்கள், குழந்தை போலப் பேசுபவர்கள் என்றே எழுதப்படுகிறார்கள். பராமரிப்பு வேலையை யாருக்குக் கொடுக்கிறோமோ அவர்களை அன்பே உருவானவர்கள் என்று வர்ணிப்பது நமக்கும் பழகிய உத்திதான். கேப்டனின் நாற்காலிக்குப் பெண் வந்த பிறகு நோயாளியின் கட்டிலருகே யார் நிற்கிறார்கள் என்று கேட்காத பெண்ணியம் பாதிதான் கேட்கிறது.

இதே ஆண்டுகளில் செர்ரி இன்னொரு வணிகக் கப்பல் வரிசையும் எழுதினார்: சானூர் நாவல்கள், மொத்தம் ஐந்து. சிங்கம் போன்ற ஹனி இனத்தில் வணிகம் செய்பவர்கள் பெண்கள் மட்டுமே. ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்குக் கோபம் அதிகம், நிதானம் போதாது, விண்வெளி அவர்கள் இயல்புக்கு ஒத்துவராது என்று எல்லோரும் நம்புகிறார்கள். மகனோடு சண்டையிட்டுத் தோற்று வீட்டையும் இழந்த கணவன் கிம்மை, கேப்டன் பைன்ஃபார் சானூர் தன் கப்பலில் ஏற்றிக்கொள்கிறாள். துறைமுகம்தோறும் அவதூறு. கப்பலிலேயே அவனை எந்த வேலையில் அமர்த்துவது என்று குழப்பம். அவன் வேலை கற்றுக்கொள்கிறான். 'இயல்பு' என்று சொல்லப்பட்டதில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு வசதி என்பது மெல்ல வெளிப்படுகிறது. பெண்களைப் பற்றி நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட வாதங்கள் எல்லாம் ஓர் ஆண் மேல் வந்து விழும்போது அவற்றின் அபத்தம் சிரிப்போடு புரிகிறது. வகுப்பில் இதைச் சேர்ந்து வாசிக்கும் மாணவிகள் அந்த வாதங்களைக் கேட்ட இடங்களைத் தாங்களே பட்டியலிடுவார்கள்.

இந்தப் பெண்களில் எனக்கு நெருக்கமானவள் எலீன் குவென். 'டௌன்பிலோ ஸ்டேஷ'னில் அவள் கணவனோடு வாழ்வதற்காகக் கப்பலை விட்டு நிலையத்தில் இறங்கியவள், கருவுற்றிருக்கிறாள். அவளுடைய தாய்க்கப்பல் 'எஸ்டெல்' மொத்தக் குடும்பத்தோடு அழிந்த செய்தி வருகிறது. குவென் என்ற பெயருக்கு மிச்சம் அவளும் வயிற்றில் இருக்கும் குழந்தையும்தான். அழுதுகொண்டு நிலையத்தலைவர் வீட்டு மருமகளாக அவள் இருந்துவிடவில்லை. போர்க்கப்பல்கள் இரு பக்கமும் நெருக்கும்போது சிதறிக்கிடந்த வணிகக் கப்பல்களைத் திரட்டி, தங்களுக்கென ஒரு கூட்டணி அமைக்க வைக்கிறாள். படையோ பட்டமோ அவளிடம் இல்லை. எல்லாக் கப்பல்காரர்களுக்கும் தெரிந்த ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பை வைத்துப் பேசினாள்.

1997இல் வந்த 'ஃபினிட்டிஸ் எண்ட்'டில் அவள் பெல் நிலையத்தையே நிர்வகிக்கிறாள். போர்க்காலத்தில் ஒரு கப்பல் நிலையத்தில் விட்டுச்சென்ற கர்ப்பிணியின் மகனை, அந்தக் கப்பல் பதினேழு ஆண்டு கழித்துக் கேட்டு வருகிறது. மகன் தாயின் கப்பலுக்கு உரியவன் என்பதே சட்டம். அந்தத் தாய் கப்பல் திரும்பி வராமல், மருந்துக்கு அடிமையாகி, நிலையத்திலேயே இறந்துபோனவள். பெயர் தருவது மட்டும் போதாது, திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளவும் வேண்டும் என்று அவளுடைய மரணம் சொல்கிறது. அந்தப் பேரத்தில் எலீன் தன் பங்குக்குக் கேட்பது ஒன்றுதான்: புதிதாக ஒரு வணிகக் கப்பல் கட்ட ஆதரவு. பதவி இருக்கிறது, கணவன் இருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் குவென் என்ற பெயரோடு ஒரு கப்பல் கிளம்ப வேண்டும், அதில் தன் மகள் வேலை செய்ய வேண்டும் என்பதில் அவள் விட்டுக்கொடுப்பதே இல்லை.