சுருட்டுக் கொட்டிலில் எழுந்த குரல்

1962ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, அமெரிக்க சனாதிபதி ஜோன் கென்னடி தம் பத்திரிகைச் செயலாளர் பியர் சலிஞ்சரை அழைத்து, மறுநாட் காலைக்குள் ஆயிரம் கியூபாச் சுருட்டுக்கள் வேண்டுமென்றார். அவர் விரும்பியது 'பெற்றி உப்மன்' என்னும் சிறிய சுருட்டு. சலிஞ்சர் கடைகடையாகத் தேடி 1,200 சுருட்டுக்களைச் சேர்த்தார். அச்செய்தியைக் கேட்டபின்பே, கியூபாவுடனான வாணிகத்தைத் தடைசெய்யும் கட்டளையிற் கென்னடி கையொப்பமிட்டார். பிற்காலத்தில் இதனை எழுதியவர் சலிஞ்சரே. ஒரு நாட்டின் வாணிகத்தை முடக்க முனைந்தவர், அந்நாட்டுத் தொழிலாளரின் கைவேலையை முதலிற் பெட்டியிற் சேமித்துக்கொண்டார் என்பது நகைப்புக்குரியதுதான். ஆயின் நகைத்து விட்டுவிடுதற்குரியதன்று. அச்சிறிய சுருட்டில் அப்படி என்ன இருந்தது?

புகைப்பவரைக் கேட்டால் அரைமணி நேரத்து இன்பம் என்பர். நுனியை அளவாக வெட்டி, சுவாலை நேரே படாதவாறு பற்றவைத்து, புகையை நெஞ்சுக்குள் இழுக்காது வாயில் நிறுத்தி வெளிவிடுவது அவர்தம் முறை. தொடக்கத்தில் மென்மையாயிருக்கும் சுவை நடுவிற் செறிந்து, முடிவில் காரமாகிறது. நன்கு சுற்றிய சுருட்டின் சாம்பல் உதிராது கெட்டியாக நிற்கும். சிறிய சுருட்டிற் பிழைக்கு இடமில்லை. உள்ளே ஓர் இலை முறுகிக்கொண்டாலும் புகைவழி அடைபட்டுப்போம். உட்புறம் ஒடுங்கியிருத்தலால் மேலிலையின் குணமே சுவையில் மேலோங்கும். (புகையிலை உயிர்க்கொல்லி, வாய்ப்புற்றுக்கும் தொண்டைப்புற்றுக்கும் சுருட்டும் காரணமாகும். புகைத்தலுக்குப் பரிந்துபேசுவது நம் நோக்கமன்று.)

இச்சுவைக்குக் காரணம் மண்ணே என்பது வணிகரின் கூற்று. பினார் டெல் ரியோ மாகாணத்து வுவெல்ற்றா அபாஹோ நிலத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் மண் தானாகச் சுருட்டாவதில்லை. மேலிலைக்கான செடிகளைத் துணிப்பந்தரின் நிழலில் வளர்க்க வேண்டும். இலைகளை அடுக்கடுக்காகக் காலமறிந்து பறிக்க வேண்டும். கொட்டிலிற் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தி, பின்னர் குவித்துப் புழுங்கவிட வேண்டும். உச்சியிலையில் வீரியம் மிகுதி. அது மெல்லவே எரியும். ஆதலின் நடுவில் வைக்கப்படும். எளிதிற் பற்றும் அடியிலைகள் அதனைச் சூழும். எத்தனை இலை, எவ்வளவு இறுக்கம் என்பதைக் கையே முடிவுசெய்கிறது. பலகையொன்று, பிடியில்லாத வளைந்த கத்தியொன்று, இவையே முதன்மையான கருவிகள். அரைமணி நேரத்திற் சாம்பலாவது பலருடைய பலமாத உழைப்பு.

அந்த உழைப்பின் வரலாறு குருதி தோய்ந்தது. 1717இல் ஸ்பானிய முடியரசு புகையிலை வாணிகத்தைத் தன் ஏகபோகமாக்கியபோது பயிர்செய்வோர் கிளர்ந்தெழுந்தனர். 1723இல் அவர்களுட் சிலர் கொல்லப்பட்டு, உடல்கள் தெருவோர மரங்களில் தொங்கவிடப்பட்டன. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886இலேதான். அதுவரை ஹவானாவின் சுருட்டுக் கொட்டில்களிற் கூலியாளருடன் அடிமைகளும் இருந்து சுற்றினர். சுருட்டுச் சுற்றும் கூடத்துக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் 'கலேரா' என்னும் பெயரே சிறைக்கூடத்தையும் குறிக்கும்.

இத்தகைய கூடமொன்றில், 1865ஆம் ஆண்டு டிசெம்பரில், புதுமையொன்று நிகழ்ந்தது. ஹவானாவின் 'எல் பிகாரோ' ஆலைத் தொழிலாளர் தம்முள் ஒருவரை வாசிப்பவராக அமர்த்தினர். சுருட்டுச் சுற்றுபவனுக்குக் கையும் கண்ணும் வேலையிற் பிணிப்புண்டவை. காது மட்டும் ஓய்வாயிருக்கிறது. இயந்திர இரைச்சலற்ற அக்கூடத்தில் ஒரு மனிதக் குரல் கடைசி வரிசைவரை எட்டும். வாசிப்பவர் வேலைசெய்யாது இழக்கும் கூலியை ஏனையோர் தம் கூலியிலிருந்து ஈடுசெய்தனர். முதலாளி ஒரு காசும் கொடுக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. கொடுக்காதவனுக்கு எதை வாசிப்பது என்று கட்டளையிடும் உரிமையும் இல்லையன்றோ! அவ்வாண்டு ஒக்டோபரில் 'லா அவுரோரா' என்ற தொழிலாளர் ஏட்டைத் தொடங்கியிருந்த சத்துர்னினோ மார்த்தினெஸ் இவ்வழக்கத்துக்கு ஊக்கமளித்தார். அவரும் சுருட்டுத் தொழிலாளியே, புரட்சியாளரல்லர், சீர்திருத்தவாதி. ஆயினும் அவர் தூவிய வித்து அவர் எண்ணாத இடங்களிலும் முளைத்தது.

நாளடைவில் உயர்ந்த மேடை, செய்தித்தாளுக்கொரு வேளை, நாவலுக்கொரு வேளை என்று ஒழுங்கேற்பட்டது. எந்த நாவலை வாசிப்பதென்று தொழிலாளர் வாக்களித்தனர். விக்ரர் ஹியூகோவும் அலெக்சாந்தர் டூமாவும் அவர்தம் பேரன்புக்குரியோராயினர். வாசிப்புப் பிடித்திருந்தாற் கத்தியாற் பலகையில் தட்டி ஆரவாரிப்பர். எழுத்தறியாதவனும் நாவலின் பாத்திரங்களைப் பற்றி வழக்காடினான். 1935இல் தோன்றிய 'மொன்ற்றேகிறிஸ்ரோ' சுருட்டு டூமாவின் நாவற்பெயரைத் தாங்கியது. அப்பெயரை விலையாக்கியவர் முதலாளிமார். அதனைக் கூடமெங்கும் வாழவைத்தவர் தொழிலாளர்.

ஆட்சியாளர் இதன் பொருளை விரைவில் உணர்ந்தனர். 1866 மே மாதத்தில், வேலைக்குப் புறம்பான நூல்களையும் ஏடுகளையும் வாசித்துத் தொழிலாளரின் கவனத்தைச் சிதறவைத்தலாகாதென ஆளுநர் தடைவிதித்தார். 1868இல் விடுதலைப்போர் மூண்டபின் ஆயிரக்கணக்கான சுருட்டுத் தொழிலாளர் கடல்கடந்து புளோரிடாவின் கீ வெஸ்ற்றுக்கும், பின்னர் தாம்பாவுக்கும் சென்றனர். வாசிப்பையும் உடன்கொண்டுசென்றனர். 1891இல் ஹோசே மார்த்தி தாம்பாவுக்கு வந்து பேசியபோது அவருக்குச் செவிசாய்த்தோர் கேட்டுக் கேட்டுப் பழகிய மக்கள். மறுவருடம் அவர் அமைத்த கியூபாப் புரட்சிக் கட்சிக்கு அவர்கள் தம் கூலியிற் பங்கு அளித்தனர். 1895இல் கிளர்ச்சியைத் தொடங்குமாறு அனுப்பப்பட்ட ஆணை ஒரு சுருட்டினுள் சுற்றப்பட்டே கியூபாவை அடைந்தது என்றொரு கதையும் வழங்குகிறது.

வாசிப்போருட் பெண்களும் இருந்தனர். போட்டோ ரிக்கோவின் லூயிசா கப்பெத்தில்யோ அவர்களுள் ஒருவர், தொழிற்சங்கவாதி. ஆடவர் அணியும் காற்சட்டை அணிந்தமைக்காக 1915இல் ஹவானாவிற் கைதுசெய்யப்பட்டவரும் அவரே.

1931 நவம்பரில் தாம்பாவின் முதலாளிமார் வாசிப்பு மேடைகளைப் பெயர்த்தெறிந்தனர். தீவிரவாதப் பிரசாரம் நடைபெறுகிறது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், தோற்றனர். மேடை இருந்த கூடங்களில் வானொலிப்பெட்டி வைக்கப்பட்டது. வானொலிக்குத் தொழிலாளி கூலி கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் அது எதைச் சொல்லவேண்டுமென்று வாக்களிக்கவும் இயலாது. கூலிக்குறைப்பினும் கொடிய இழப்பு இதுவென்றே நாம் கருதுகிறோம்.

கியூபாவிலோ வாசிப்பு அழியவில்லை. 1960இல் ஆலைகள் அரசுடைமையாயின. வாசிப்பவரின் சம்பளமும் அரசின் பொறுப்பாயிற்று. 2012இல் இவ்வழக்கம் அந்நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. இதனை நாம் வரவேற்கிறோம். எனினும், தொழிலாளி தன் கூலியிலிருந்து காசெடுத்து வைத்தபோது அக்குரல் எவருடையது என்பதில் ஐயம் இருக்கவில்லை. சம்பளம் கொடுக்கும் கை மாறும்போது, அது நட்புக் கையேயாயினும், அவ்வினாவை மீண்டும் எழுப்புதல் தவறாகாது.

ஹவானா நமக்குத் தொலைவிலுள்ளது. சுருட்டுக் கொட்டில் தொலைவிலுள்ளதன்று. யாழ்ப்பாணத்துக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டபடி சுற்றும் வழக்கம் இருந்தது. கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளரும் அவ்வாறே செய்தனர். அங்கே வாசிப்பவனுக்கு அன்றைய கணக்கிற் குறைந்த பீடிகளை, அருகிலிருந்தோர் ஆளுக்குச் சிலவாகச் சுற்றி அவன் பங்கிற் சேர்த்துவிடுவர்.